முன் துளை, பின் துளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று பதில் எழுதிவிடாதே, நான் நம்புவதாக இல்லை. உன் காலைத் தாங்க நான் செய்து அனுப்பின புதுக் காலிப்பர் வந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை படியில் விழுந்திருக்கிறாய், அதில் ஒரு தடவை பள்ளிக்கூடத்தில், உன் வகுப்புப் பிள்ளைகள் கண்ணெதிரே. மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லித்தான் பெற்றவளுக்கு இது தெரியவேண்டுமா? கேட்டால், காலிப்பர் நல்லாத்தான் இருக்கும்மா, என் கால்தான் இன்னும் பழகல என்கிறாய். நானும் சும்மா இருந்தேனா, ஷூவை மாற்றியிருப்பாய், வாரை இறுக்கியிருக்கமாட்டாய் என்று போனில் உன்னை வறுத்தெடுத்தேன். நீயும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

நேற்றுத்தான் நீ படி இறங்குவதை மாப்பிள்ளை படமெடுத்து அனுப்பினார். முழங்கால் முன்னால் மடிகிறது. பார்த்ததும் என் தப்பு புரிந்துவிட்டது. காலிப்பரின் கணுக்கால் மூட்டில் முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. பின் துளையில் போடும் ஸ்பிரிங் கால்விரலைத் தூக்கிவிடும், முன் துளையில் போடும் இரும்புக் கம்பித்துண்டு முழங்கால் மடியாமல் தாங்கும். எங்கள் காலிப்பர் பட்டறையில் அளவு பார்க்க ஆள் எதிரே உட்காருவார், அவர் கால்விரல் என்னைப் பார்த்திருக்கும், அதனால் என் பக்கம் இருப்பது முன் துளை. பத்தொன்பது வருஷமாகக் கை அப்படியே பழகிவிட்டது. உனக்குச் செய்த அன்றைக்கு, உன் கால் எதிரே இல்லையே என்று காலிப்பரை என் காலோடு ஒட்டிவைத்து மூட்டைப் பூட்டினேன். கை பழக்கத்தில் கம்பியை என் பக்கத் துளையில் போட்டுவிட்டது. அது குதிகால் பக்கம். நேற்றுச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு.

இப்போது வேறொரு காலிப்பர் செய்து முடித்துவிட்டேன். எதிரே ஒரு கால் வேண்டுமே என்று உன் அப்பாவை உட்காரவைத்தேன், மனுஷன் ஆடாமல் இருந்தால்தானே. கூசுது என்கிறார், செய்தி பார்க்கணும் என்கிறார். இரண்டு பக்க மூட்டும் ஒரே நேரில் வந்து, நேர்க்கம்பி ஒன்று இரண்டிலும் தடையில்லாமல் நுழையும்வரை அவரை விடவில்லை. முன் துளைகளின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், அது உன் கால்விரல் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எழுந்து போகும்போது அப்பா, மூணு தடவை விழுந்தும் உன்னை ஒரு வார்த்தை சொல்லலியே அவ என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பார்சல் வரும்வரை இப்போதிருக்கும் காலிப்பரைத் தொடாதே, கௌரவம் பார்க்காமல் ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போ. மாப்பிள்ளை நானே கழற்றிச் சரிசெய்கிறேன் என்பார், மிக்ஸியைப் பிரித்து மூட்டி மூன்று ஸ்குரூவை மிச்சம் வைத்தவர், கிட்டே விடாதே.

நீ நிமிர்ந்து நடந்து நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நாலு வயதிலிருந்து எது நடந்தாலும் உன் காலைத்தான் குற்றம் சொல்கிறாய், கேட்டுக் கேட்டு எனக்கும் அதே புத்தி வந்துவிட்டது. இந்தத் தடவை உன் கால் ஒரு தப்பும் செய்யவில்லை. இனி விழுந்தால் முதலில் எனக்குப் போன் போட்டு என்னைத் திட்டு.

இப்படிக்கு,
உன்னை அநியாயமாகத் திட்டின அம்மா