ஸ்கோர் போர்டா, டீச்சரா

செப்டம்பர் 10, 2012 - திங்கள்

காலையில் மூன்று பேருக்கு முடியைச் சுருட்டிவிடும் பெர்ம், ஒருவருக்குச் சாயம், பிறகு கிளைட் மோர்ஸின் பிடரி. கிளைட் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத் தலைவர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஜனவரியில் என் சலூனின் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான், "ஒரு இடம் காலியா இருக்கு வெர்னா, மாசம் ஒரு கூட்டம், காபி சும்மா" என்று என்னை வாரியத்துக்குள் இழுத்துவிட்டார். அந்தக் காபியைச் சும்மா கொடுத்தால்தான் குடிப்பார்கள்.

இன்றைய கூட்டத்தில் இரண்டு செய்தி. குளியலறை ஓடு விற்றுப் பணக்காரரான பழைய மாணவர் பிராட் இறந்துபோய், ‘மாணவர்களின் நன்மைக்காக’ ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர் எழுதி வைத்திருக்கிறார். மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்தும் ஒரு கடிதம். எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் இந்த வருடமும் எஃப், அதாவது ஃபெயில். அடுத்த வருடமும் எஃப் என்றால் மாநிலம் ஆள் அனுப்பிப் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

முதல் செய்திக்கு எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவதற்கு யாரோ ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள்.

செப்டம்பர் 14

பணத்தை என்ன செய்வது என்று டெல்லிடம் கேட்டேன். தப்பு. என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக ஃபுட்பால் மைதானத்தில் ஸ்கோர் போர்டு இயக்குகிறவர்.

அந்தப் போர்டில் நம் பக்க எண்களில் இடது எண்ணின் விளக்கு எரியாது. ஒன்பதுக்கு மேல் காட்டாது. நல்லவேளையாக நம் பையன்களும் ஒன்பதுக்கு மேல் எடுப்பது அபூர்வம். மூன்று வருடம் முன்பு ஒருமுறை பதினான்கு எடுத்தபோது டெல் ஏணி போட்டு ஏறி, அட்டையில் ‘1’ எழுதித் தொங்கவிட்டார். ஊரே எழுந்து நின்றது. அட்டைக்கா, பதினான்குக்கா, தெரியாது.

"கலர் ஸ்கோர் போர்டு, வெர்னா. வீடியோ ஓடும். ஆத்துக்கு அந்தப் பக்கம் மெல்ஃபோர்டுக்காரன் வெச்சிருக்கான்."

"மெல்ஃபோர்டுக்காரன் படிக்கவும் செய்றான்."

அவர் எழுந்து போய் நாய்க்குச் சாப்பாடு வைத்தார். நாய் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தது.

அக்டோபர் 2 - செவ்வாய்

சலூனில் இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வாரியத்தில் ஐந்து பேர். பிராட் பணத்தில் ஸ்கோர் போர்டு வாங்கணும் என்று இரண்டு பேர், பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு டீச்சர் வைக்கணும் என்று இரண்டு பேர். நடுவில் நான். ஊரில் எல்லோருக்கும் திடீரென்று முடி வளர்ந்துவிட்டது.

ஃபுட்பால் ஆதரவாளர் சங்கத் தலைவர் ரிக் டட்டில் பத்து நாளில் இரண்டாம் முறை வந்து உட்கார்ந்தான். வெட்ட ஒன்றுமில்லை. கத்தரிக்கோலைக் காற்றில் நாலு தடவை சத்தம் போடவைத்துப் பணம் வாங்கிக்கொண்டேன்.

"வெர்னா, என்னை நம்பு. அந்தப் போர்டு வந்தா ஊருக்கே ஒரு தெம்பு வரும்."

அவனைத் தப்பு சொல்லவில்லை. தொழிற்சாலை மூடிய பிறகு இந்த ஊரில் ஃபுட்பால் நடக்கிற வெள்ளிக்கிழமையைத் தவிர வேறு கிழமை இல்லை.

அக்டோபர் 4

மூன்று மணிக்குக் கிளைட் நாற்காலியில், பாதி வெட்டியாயிற்று. பக்கத்து நாற்காலியில் வாரியத்தின் சின்னவள் ஜோலீன், தலை முழுக்கச் சாயத்துடன். மழை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சத்தியமாக மழைதான்.

ஜன்னல் வழியே பார்த்த பள்ளிக் கண்காணிப்பாளர் டாக்டர் ஹாஸ்கெட் குடையைக்கூட மடக்காமல் உள்ளே பாய்ந்தார்.

"மூணு பேர்! வாரியத்துல மூணு பேர் ஒரே இடத்துல! இது கூட்டம்! ஊருக்கு அறிவிக்காம கூட்டம் போட்டா கேஸ் ஆகும். யாராவது ஒருத்தர் வெளிய போங்க, தயவுசெஞ்சு!"

"பாதி தலையோட நான் போகமாட்டேன்" என்றார் கிளைட்.

"இது என் கடை" என்றேன்.

பாவம் ஜோலீன், தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மழையில் ஓடித் தன் காரில் போய் உட்கார்ந்தாள். அவளைக் கூப்பிட நான் போனபோது சாயம் எட்டு நிமிடம் அதிகமாகிவிட்டிருந்தது. கத்தரிப்பூ நிறம். மெல்ஃபோர்டின் ஃபுட்பால் சட்டை நிறம். அவள் அழுதாள்.

அக்டோபர் 11

வாரிய உறுப்பினர்கள் வருடத்துக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய் உட்கார வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

ஒரு சிறுமியை என் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்களுக்கு வாசிச்சுக் காட்டு" என்றார்கள். டெஸ்ஸா. அருமையாக வாசித்தாள், குரலை ஏற்றி இறக்கி, கரடிக்கு ஒரு குரல், அணிலுக்கு ஒரு குரல். நான் கைதட்டினேன். எஃப் வாங்கிய பிள்ளைகளா இவர்கள், கொலம்பஸில் யாருக்கோ கண் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன்.

பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் எழுத்து, படமே இல்லை. அவள் சட்டென்று அடுத்த பக்கத்துக்குத் தாவினாள்.

"இதை விட்டுட்டியேம்மா?"

"அந்தப் பக்கத்துல ஒண்ணும் இல்ல" என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை.

ரிக் டட்டிலின் மகள்.

யாரிடமும் சொல்லக் கூடாது. பிள்ளைகளைப் பற்றிப் பார்த்ததை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன். டெல்லிடம்கூட இல்லை. இங்கே மட்டும்.

அக்டோபர் 15 - திங்கள்

ஓட்டெடுப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது, அவ்வளவு ஜனம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ரிக் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி பேசிவிட்டு மீதிப் பத்து விநாடி என்னையே பார்த்தான்.

அவன் பேசிய வார்த்தை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரே வரியில் பதில் இருந்தது. வாயைத் திறந்தால் ஊர் முன்னால் அந்தக் குழந்தை நிற்கும். எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. "வாசிப்பு டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது.

மூன்றுக்கு இரண்டு. ஒரு டீச்சருக்கு இரண்டு வருடச் சம்பளம், மீதிக்குப் புத்தகம்.

டெல் கூட்டத்தோடு வெளியே நடந்தார். என்னை வண்டியில் கூட்டிப்போகக் காத்திருந்தார்தான், ஆனால் வழியெல்லாம் ரேடியோ.

அக்டோபர் 20

சனிக்கிழமை. முடி வெட்டப் பதினோரு பேர் பதிவு செய்திருந்தார்கள். வந்தது ஒருவர், வழி கேட்க.

நவம்பர் 11 - ஞாயிறு

ஃபுட்பால் பையன்கள் ஸ்கோர் போர்டு வரும்வரை முடி வெட்டுவதில்லை என்று சபதம் போட்டிருக்கிறார்களாம். தலைக்கவசம் தலையில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மெல்ஃபோர்டிடம் நாற்பத்தொன்றுக்கு மூன்று.

பெரியவர்கள் என் மேலுள்ள கோபத்தில் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். இன்று சர்ச்சில் எனக்கு முன்னால் ஐந்து வரிசைப் பிடரி. இது சமையலறைக் கத்தரி. இது மீன் வெட்டும் கத்தி. கிளைட்டுடையது என்ன என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். நான் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு, யாரை முதலில் மன்னிக்கலாம், எதில் மெஷின் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறேன், ஆனால் கடை வாடகை கொடுக்க அம்மாவின் தையல் மெஷினை அடகுக்கடையில் விற்றேன். டெல்லிடம் பழுதுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 27

டீச்சர் வேலைக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஓய்வு பெற்ற வாசிப்பு டீச்சர், மிஸஸ் இமோஜீன் ஸ்ட்ராக். முப்பத்தோரு வருட அனுபவம்.

மெல்ஃபோர்டில்.

ஹாஸ்கெட் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, அது வெடிக்கப்போவதுபோல ஓரடி பின்னால் நின்றார். "வேற ஆள் இல்லையா?" என்று ஜோலீன் கேட்டாள். அவள் முடி இன்னும் கத்தரிப்பூ நிறம்தான்.

"இருக்கு. யாரும் இல்லங்கிறது இருக்கு" என்றார் ஹாஸ்கெட். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஜனவரி 7, 2013

மிஸஸ் ஸ்ட்ராக் வந்தார். குள்ளம், பெரிய கைப்பை, கத்தரிப்பூ நிறக் கார். அதன் பின்கண்ணாடியில் மெல்ஃபோர்டு கொடி. "கழட்டிடலாமே டீச்சர்?" என்று கெஞ்சினேன்.

"எதுக்கு? பிள்ளைங்க அதுல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு என்னைத் திட்டட்டும். படிச்சுட்டுத்தான் திட்டணும்."

ஜனவரி 9

டீச்சர் காரில் முட்டை. கழுவிவிட்டு எட்டு மணிக்கு வகுப்பில் இருந்தார்.

பிப்ரவரி 21

டீச்சர் காரில் மறுபடி ஏதோ. ஒரு சீட்டு. பிள்ளைக் கையெழுத்தில் ‘மெல்ஃபோர்டு நாறுது’. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா வெர்னா? ஒரு எழுத்துகூடத் தப்பில்ல!"

கண்ணில் தண்ணீர். எனக்கும். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சீட்டை ரசித்தோம். அப்படியே அவருக்கு முடியும் வெட்டிவிட்டேன். அந்த வாரத்தில் முதல் தலை.

மார்ச் 16

டெல் கடைக்கு வந்தார். தையல் மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு. அடகுக்கடை ஜன்னலில் பார்த்திருக்கிறார்.

"பழுது பாத்தாச்சு" என்றார். கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலியில், எல்லோருக்கும் தெரியும்படி. "மெதுவா வெட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல."

ஒன்றரை மணி நேரம் வெட்டினேன். அவருக்கு அவ்வளவு முடி கிடையாது.

ஆகஸ்ட் 22 - வியாழன்

மாநிலத்திலிருந்து வாசிப்பு ரிசல்ட் வந்துவிட்டது. டி.

டி! எஃப் இல்லை, டி! ஹாஸ்கெட் தொலைபேசியில் மூன்று தடவை சொன்னார், நான் மூன்று தடவை "என்னது?" என்றேன். கொலம்பஸ்காரர்கள் வரமாட்டார்கள். டி வாங்கியதற்குக் கேக் வெட்டிய ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கேக்கின் மேல் பெரிதாக ஒரு ‘D’. பேக்கரிப் பெண் அது டெல்லின் பிறந்தநாளுக்கு என்று நினைத்து மெழுகுவத்தியும் கொடுத்தாள்.

இன்னும் நாற்பது பிள்ளைகளுக்குச் சரியாக வரவில்லை என்று டீச்சர் சொன்னார். கேக்கைத் தின்றுகொண்டேதான் சொன்னார்.

நவம்பர் 5 - செவ்வாய்

தேர்தல். என்னை எதிர்த்து நின்றது ரிக் டட்டில்.

அவனுக்கு 612. எனக்கு 598.

பதினாலு ஓட்டு. அந்தப் பதினாலு பேர் யார் என்று பிடரியை வைத்தே சொல்வேன். சரி. போகட்டும். போகட்டும்னு சொல்றேனே, போகலையே. இரண்டு வருஷம் நாயா உழைச்சிருக்கேன். ஒருத்தராவது... இல்ல, 598 பேர் போட்டிருக்காங்க. டெல் போட்டிருக்கார். கேட்டேன். "கேக்கணுமா அதை?" என்றார்.

டீச்சரின் இரண்டு வருடத்தில் ஒரு வருடம்தான் பாக்கி. அதன் பிறகு வாரியம் தன் சொந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுத்தாக வேண்டும். இனி அதை முடிவு செய்வது ரிக்.

ஜனவரி 13, 2014 - திங்கள்

முதல்முறையாகப் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலி குளிர்ந்திருந்தது. என் மூன்று நிமிடத்தை எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்தேன்.

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, புல் வெட்டும் வண்டிக்கு டயர். ஏழாவது, மிஸஸ் ஸ்ட்ராக்கை நிரந்தரமாக்குவது. கிளைட் தலைப்பைப் படித்து முடிக்கும் முன்பே ரிக், "நான் முன்மொழியறேன்" என்றான். யாரையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான். ஐந்துக்கு ஐந்து. விவாதம் இல்லை. டயருக்கு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

என் மூன்று நிமிடத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

வெளியே பனியில் ரிக் வந்து நின்றான். தொப்பிக்குக் கீழே, அவன் பெண்டாட்டி வெட்டிய கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழே.

"சனிக்கிழமை இடம் இருக்கா வெர்னா?"

"பத்து மணிக்கு வா."

"எனக்கில்ல. டெஸ்ஸாவுக்கு." பிறகு, "சரி, எனக்கும்தான்" என்றான்.

ஜனவரி 18 - சனி

இந்த வாரம்தான் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். தேர்தலுக்குப் பிறகு வருகிற எல்லோரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்து, சண்டையில் முடிக்கிறார்கள்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். டெஸ்ஸா நாற்காலியில், ரிக் பின்னால் பெஞ்சில். ஐந்து நிமிடம் பனியைப் பற்றி மரியாதையாகப் பேசினோம். ஆறாவது நிமிடம் அவன் ஸ்கூல் பஸ் தடத்தை மாற்றப்போவதாகச் சொன்னான். வடக்குத் தெருப் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்றேன். நடக்கட்டும் என்றான். நீ நடந்து பார் என்றேன். அவன் எழுந்துவிட்டான். நான் சீப்பை நீட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாற்காலியிலிருந்து ஒரு குரல், ஒவ்வொரு சொல்லாக, விரலை நீட்டி:

"பள்ளி... வாரியப்... பேச்சுக்கு... இங்கே... இட... இடமில்லை."

இரண்டு பேரும் நிறுத்தினோம்.

டெஸ்ஸா கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா எழுதியிருக்கே. உங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாதா?"