நீ பிழைத்த படம்

என் அன்புப் பட்டாசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதை நேற்று டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். சிரிக்காதே, விஷயம் இருக்கிறது.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நம் வீடு உனக்குத் தெரியாததா? முன்னறைதான் அப்பாவின் தையல் கடை, அங்கே அவர் மெஷின், எதிரே டிவி, நடுவில் ஒரு திரைச்சீலை, அதற்கு இந்தப் பக்கம் சமையலறையில் நான். கிசுகிசுத்தால்கூட அவர் காதில் விழுந்துவிடும். அதனால்தான் காய்கறிக் கூடையை ஓரம் தள்ளிவிட்டு, உன் அண்ணனின் பேனாவைப் பிடுங்கி எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று உன் புதுப் படம் பார்த்தோம். அணை உடைகிற படம். அடி கழுதை, இந்தத் தடவை கூட்டத்தில் ஒருத்தியாக ஓடாமல் வசனமே பேசியிருக்கிறாய்! சொல்லவே இல்லையே! "ஓடுங்க, தண்ணி வருது!" என்று நீ கத்தினாயே, மாடி வீட்டு டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினாள். உன் அண்ணன் விசில் அடித்தான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பார்த்தால் டீச்சரின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறேன். பாவம், அவள் கை சிவந்துவிட்டது.

இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. உன் படங்களுக்கு அண்ணன் "அழிவுப் படம்" என்று பெயர் வைத்திருக்கிறான். எங்கெங்கோ தேடி எடுத்து டிவியில் போட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், "இன்னைக்கு என்ன அழிவு?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். நிலநடுக்கப் படத்தில் வீடே குலுங்கியது, சுவரில் மாட்டிய காலண்டர் மட்டும் அசையாமல் இருந்தது. எரிமலைப் படத்தில் ஒரே கார் இரண்டு தெருவில் கவிழ்ந்தது. எரிமலைக் குழம்பு தக்காளிச் சாறேதான், நீ இல்லை என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். பனிப்புயல் படத்தில் அப்பா மெஷினிலிருந்து தலையைத் திருப்பாமலேயே, "அது மெத்தைக்குப் போடற பஞ்சு. அதுவும் பழைய பஞ்சு" என்றார். திரும்பாமல் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லாப் படத்திலும் நீ செத்துப் போகிறாய், அதுதான். முதல் படத்தில் உன் மேல் சுவர் விழுந்தபோது நான் அழுத அழுகையில் அண்ணன் டிவியையே நிறுத்திவிட்டான். இப்போது பழகிவிட்டது. எப்படிச் செத்தாய் என்று மார்க் போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். எரிமலையில் கையை உயர்த்திக்கொண்டு விழுந்தது கொஞ்சம் ஜாஸ்தி. பனியில் சத்தமில்லாமல் சாய்ந்தாயே, அது நன்றாக இருந்தது.

உன் அப்பாவுக்குத்தான் பழகவில்லை.

அவர் படம் பார்ப்பதே இல்லை என்று நினைக்காதே. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைப்பார். நீ வருகிற காட்சி நெருங்கினால் மெஷின் சத்தம் நின்றுவிடும். ஊசியில் நூல் கோர்க்கிறாராம். கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்க்கிற மனுஷன், அவ்வளவு நேரமா கோர்ப்பார்? சொந்தத் துணியைத்தான் போட்டு நடிக்கச் சொல்கிறார்கள் என்று நீ சொன்னாயே, அதனால் அவர் தைத்த பச்சைச் சட்டை எல்லா அழிவிலும் வந்துவிடுகிறது. ஒரு தடவை என்னிடம், "அந்தச் சட்டைக்குக் கீழ் மடிப்பு பிரிஞ்சிருக்கு, யாரும் பாக்கலையா அங்க?" என்று கேட்டார். யார் சட்டை என்று கேட்டேன். மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் நீ சாகப் போகிற நேரத்தில் எழுந்துவிடுவார். கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து கை கழுவுவார். நீ செத்து முடிகிற வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் சொட்டினாலே நம்மைத் திட்டித் தீர்க்கிறவர்! அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் உறைத்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, நடிக்கப் போகிறேன் என்று நீ பையோடு வாசலில் நின்றபோது, "அங்க போய் நீ செத்தாக்கூட நான் வந்து பாக்க மாட்டேன்" என்றாரே. கோபத்தில் சொன்னது. அன்றிலிருந்து உன்னோடு பேச்சில்லை, உன் பேச்சை எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். சொன்னவர் நெஞ்சில்தான் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

நேற்று அவரால் எழுந்து போக முடியவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டு, மடி முழுக்கக் குண்டூசி குத்தி விரித்து வைத்திருந்தார். நீ கத்தினாய், நாங்கள் குதித்தோம், அந்த ஆரவாரத்தில் அவர் திரும்பிவிட்டார். திரும்பிய நேரம் பார்த்துத் தண்ணீர் வந்தது. மற்றவர்களுக்கு முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர், இருந்தும் நீச்சல் அடித்தார்கள். உன்னை மட்டும் நிஜமாகவே அமுக்கிவிட்டார்களே! பச்சைச் சட்டை மேலே ஒரு தரம் வந்தது, அப்புறம் இல்லை.

கோட்டை அப்படியே தரையில் போட்டார். குண்டூசியெல்லாம் சிதறியது. கொல்லைப்பக்கம் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் படத்தில் மனம் ஒட்டவில்லை. அண்ணன்தான் நிறுத்தாமல் விட்டுவிட்டான். நல்லவேளை!

கடைசியில் நிவாரண முகாம் காட்சி. தப்பித்தவர்களுக்கெல்லாம் போர்வை கொடுக்கிறார்கள். கதாநாயகன் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறான், யாருக்கு வேண்டும் அவன் பேச்சு? மூன்றாவது வரிசையில் நீ! அதே பச்சைச் சட்டை, தலை காய்ந்து பறக்கிறது, வாயில் எதையோ மென்றுகொண்டு நிற்கிறாய்!

நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். "ஏங்க, உயிரோட இருக்கா! வாங்க, உயிரோட இருக்கா!" என்று கத்தியிருக்கிறேன். உன் அப்பா கையெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்து எத்தனை வருஷம்! "எங்க? எங்க?" என்றார். அண்ணன் படத்தைப் பின்னால் தள்ளிப் போட்டான். திரும்பவும் போடச் சொன்னார். திரும்பவும். டிவிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டு மற்றவர்களுக்கு மறைத்துவிட்டார், நுரை டிவியிலெல்லாம் சொட்டுகிறது.

உன் அண்ணனுக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. "அப்பா, அது முன்னாடியே எடுத்த காட்சியா இருக்கும். கூட்டத்துக்கு ஆள் பத்தாம எல்லாரையும் நிக்க வச்சிருப்பாங்க. படம் வெட்டினவன் கவனிக்கல" என்று விளக்கம் கொடுத்தான். வந்ததே கோபம் அவருக்கு. "தண்ணிக்குள்ள போனதத்தானே காட்டினான்? செத்ததக் காட்டினானா? நீ பாத்தியா?" என்று எகிறினார். "அவளுக்கு நீச்சல் தெரியும்டா. நான் கத்துக் குடுத்தது. வாய்க்கால்ல எதிர்த்தண்ணில நீந்துன பொண்ணு அவ. இந்த முழங்கால் தண்ணி என்ன பண்ணும்?" டீச்சர் உடனே கட்சி மாறி, "ஆமா சார், ஏதாவது கட்டையப் பிடிச்சுக் கரையேறியிருப்பா" என்றாள். அண்ணன் கையைக் கூப்பிவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துவிட்டது.

இதோடு முடிந்ததா? சாயங்காலம் அந்த மாப்பிள்ளை கோட்டு வாங்க வந்தார். கோட்டு தயாராகவில்லை. காரணம் சொல்ல வேண்டுமே, உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மன்னிச்சுக்கங்க தம்பி, இன்னைக்கு எம் பொண்ணு நடிச்ச படம் பாத்தோம். பெரிய வெள்ளம். கடைசில பொழைச்சுக்கறா" என்றார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "எம் பொண்ணு" என்றாரடி பட்டாசு. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவு காலம் ஆயிற்று! வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை, கோட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

இன்று காலை நான் காபி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அன்னைக்கு நான் வாசல்ல சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்குமா?" இருக்காது என்று சொன்னேன். நான் பொய் சொல்வது அவருக்குத் தெரியும். காபி ஆறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதனால் கேட்கிறேன். கடை போனுக்கு ஒரு தடவை கூப்பிடு. அவராகக் கூப்பிட மாட்டார், அந்த வீம்பு உனக்கும் இருக்கிறதே, உனக்குப் புரியும். மன்னிப்பு அது இது என்று இரண்டு பேரும் ஆரம்பிக்க வேண்டாம். "அப்பா, நல்லா இருக்கேன்" என்று சொல், போதும். முதலில் கத்துவார், கத்தட்டும். சட்டை மடிப்பைப் பற்றித் திட்டுவார், திட்டு வாங்கிக்கொள். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்ததா, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததா என்று கேட்பார். என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார், எனக்கு எப்படித் தெரியும்? இருந்தார்கள் என்று சொல், இல்லாவிட்டாலும். டிவியில் எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் உன் குரலைக் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு நிற்காதே. காதில் தண்ணீர் போயிருந்தால் டாக்டரிடம் காட்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடிக்க வந்தார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். என் தங்கைக்கு என்றேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவினார், கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினார். அப்புறம், "நூறு வயசு நல்லா இருக்கணும்னு நான் சொன்னதா எழுது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். என் தங்கைக்கும் அவருக்கும் ஜென்மத்துக்கும் ஆகாது.

எழுதிவிட்டேன். நூறு வயது நன்றாக இரு, அப்பா சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா