மழை இல்லை என்று வைத்துக்கொண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் கைப்பிடியைத் திட்டுகிறாள். தையல் கடையில் திரைச்சீலை வேலை நிறைய. மீந்த துணியில் உன் அறை ஜன்னலுக்கும் ஒன்று தைத்து மாட்டிவிட்டாள். நீலம். கொஞ்சம் குட்டை. கீழே ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது, சாயந்திரம் அது உன் மேசைக் கால் வரை வந்து நின்றுவிடும். வேலை விட்டு வந்ததும் போய்ப் பார்க்கிறேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்திருக்கிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

முதலில் அந்தப் போன் விஷயம். போன வாரம் நான் கூப்பிட்டேன், நீ எடுத்தாய், சொல்லுங்கப்பா என்றாய், உன் குரலுக்குப் பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தாய். நான் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, என்ன மனுஷன் நீங்க, பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள வச்சிட்டீங்களே என்றாள். எங்கள் ஆபீஸில் இது வழக்கம். லிஃப்ட் பழுது பார்க்க வெளியூர் போகிற மெக்கானிக்குகளை ஸ்டியரிங் பிடித்திருக்கும் நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது, தெரியாமல் கூப்பிட்டு அவர்கள் எடுத்துவிட்டால் கூப்பிட்டவரே உடனே வைத்துவிட வேண்டும். வண்டியை ஓரம்கட்டிய பிறகு அவர்களே கூப்பிடுவார்கள். அங்கே யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. உனக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் உன் செய்தி வந்தது. என்மேல என்னப்பா கோவம், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கடைசி டாக்டரைப் பாத்துட்டு அப்படியே கிளம்பி வந்துடறேன், விடிஞ்சதும் உங்க கையால டீ, ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்பிடுவேன் என்று எழுதியிருந்தாய்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை, பாப்பா. அதைப் படித்தபோது ஆபீஸில் என் நாற்காலியில் இருந்தேன். எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் ஜன்னலைத் திறந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன், மறுநாள் காலையிலேயே அம்மா உன் மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டாள், இன்னும் நாள் கிடக்குதே என்றதற்கு, கிடக்கட்டும், வெயில் என்ன உங்க அப்பன் வீட்டுதா என்றாள். முழங்கால் அன்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

என் வேலை உனக்குப் பாதிதான் தெரியும். நாளெல்லாம் மேலும் கீழும் போகிறவர்களைச் சாலையில் நேராகப் போய் நேராக வரச் செய்வது, இப்படித்தான் நான் கிண்டலாகச் சொல்வேன். யார் எந்த வண்டியில், எந்தச் சாலையில், எங்கே இறங்கிக் கால் நீட்டுவது, எங்கே படுப்பது. எல்லாவற்றையும் போட்ட பிறகு மழைக்கென்று கொஞ்சம் நேரம் சேர்ப்பேன், மழை வராவிட்டாலும். முழு நாள் வேலை பார்த்தவன் அன்றைக்கே தூர வண்டி ஓட்டக் கூடாது, அதில் மட்டும் நான் இறங்கி வந்ததில்லை. என்னை அங்கே பிரேக் சார் என்பார்கள். நெட்டை என்று ஒரு மெக்கானிக், உயரத்தைப் பார்த்து வைத்த பெயர், இந்த வாரம்கூட ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டை முடித்த கையோடு ராத்திரியே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டான். அறை போட்டிருக்கிறது, தூங்கிவிட்டு வா என்றேன். அவனவன் வீட்டுக்குப் போகணும்னுதான் சார் வண்டியையே எடுக்கறான், உங்களுக்கு வீடு வாசல்னு ஒண்ணு இருக்கா, இல்ல இந்த நாற்காலியிலயே பொறந்தீங்களா என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அறைச் சாவியை எங்கே வாங்குவது என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் போன பிறகு ஒரு காலித் தாளை எடுத்தேன். உன் பயணத்தைப் போட்டுப் பார்த்தேன். நாளெல்லாம் விற்பனைக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பல் டாக்டரின் வாசலிலும் நின்று, படி ஏறி, சிரித்து, விளக்கி, பிறகு ராத்திரி முழுக்க ஸ்டியரிங். சரிவரவில்லை. கடைசி டாக்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். வழியில் தூங்குகிற இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கினேன். பிறகு மழை இல்லை என்று வைத்துக்கொண்டேன். நெட்டைக்கு ஒருநாளும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. அப்போது தாளில் எல்லாம் பொருந்தியது, விடிகிற நேரத்தில் நீ நம் தெருமுனைக்கு வந்துவிட்டாய். பல் விளக்காமல் வருவாய். செருப்பை வாசலில் தாறுமாறாக விடுவாய். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸில் இன்னொன்றும் உண்டு. நான் போடும் ஒவ்வொரு பயணமும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மேடத்தின் மேசைக்குப் போகும், ஓட்டுகிறவர் பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி. பிடித்தவனுக்குச் சலுகையும் பிடிக்காதவனுக்குக் கெடுபிடியும் போய்விடக் கூடாது என்பதற்காக. உன் தாளையும் மற்றவற்றோடு வைத்துவிட்டேன், பெயர் இருக்கும் இடத்தில் பாப்பா என்று எழுதி, மூடி. சரி என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் சரி என்று இருந்துவிடலாம் என நினைத்தேனோ என்னவோ. தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். யாருங்க இது, பகல் பூரா வேலை, ராத்திரி பூரா ரோடு, போற எடத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன். அப்ப என்ன அவசரம் என்றார். பிறகு, மழைக்கு நேரம் போடாம நீங்க தாள் குடுத்து நான் பாத்ததே இல்லையே என்று சொல்லிக்கொண்டே ஒட்டியிருந்ததைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப ஒட்டினார். என் பையனும் இப்படித்தாங்க வந்து நிப்பான், நான் எதுவும் கேக்கறதில்ல, கதவத் தொறந்து விட்டுடுவேன் என்றார். கையெழுத்துப் போடாமல் தாளை என் முன் வைத்துவிட்டுப் போனார்.

அதனால் எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை வராதே.

எழுதிவிட்டேன். திங்கட்கிழமையும் சேர்த்து லீவு கிடைக்கும் ஒரு வாரத்தில் வா. வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பிட்டுத் தூங்கு. சனிக்கிழமை வெளிச்சம் வந்த பிறகு கிளம்பு, ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, பெரிய மரங்கள், அங்கே இறங்கி நட, கண் எரிந்தால் இருக்கையைச் சாய்த்துக் கொஞ்சம் தூங்கு, வெட்கப்படாதே. இருட்டுவதற்கு முன் இங்கே இருப்பாய். ஞாயிறு முழுக்க எங்களுக்கு. டயரில் காற்று பார்த்துக்கொள், பெட்டிகளைப் பின்னிருக்கையில் அப்படியே போடாமல் கட்டிவை. அந்த லீவு அடுத்த மாதம் கிடைக்காவிட்டால் அதற்கடுத்த மாதம். பஸ் என்றால் மூன்று மாற வேண்டும், இன்னும் ஒரு நாள் அதிலேயே போய்விடும். நாங்களே வந்துவிடலாம் என்றால் அம்மாவின் முழங்கால் அவ்வளவு தூரம் மடங்கி உட்காராது. எல்லா வழியையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்வேன். என்னைப் பேசுவாள், பேசட்டும். மெத்தையை நானே கீழே கொண்டுவருகிறேன். நீ வருவாய் என்று அம்மா மாட்டிய உறையை மட்டும் கழற்ற மாட்டேன்.

ஒரு குறையும் இல்லாமல் இரு, கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு. நீ போகிற சாலையெல்லாம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். இது கிடைத்ததும் கூப்பிடு, வண்டியை நிறுத்திவிட்டு. நான் போனை எடுத்ததும் கொஞ்ச நேரம் பேச மாட்டேன். என்ஜின் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது கோபம் இல்லை.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா