மூன்று முறை ஸ்கேன் எடுத்தது குறித்து

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, தையல் தொழில்,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: சென்ற மாதம் நான் கொடுத்த புகாரின் மீதே புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்ததில், இடது விலாவின் பின்புறம் படிக்கட்டு விளிம்பில் மோதியது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சிறுநீரும் தெளிவாக இருந்தது. "லிஃப்ட்டை நம்பாம ஏணியில ஏறினதுக்குத் தண்டனை" என்று கேலி பேசிக்கொண்டேதான் வந்தார்.

2. ஸ்கேன் டாக்டரம்மா பார்த்தார், ஒன்றும் இல்லை. அரை மணி கழித்து மறுபடி பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல இன்னொரு தடவை பாத்துடலாம்மா" என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தெரியாதவர் என்று நானே முடிவுகட்டி, ஒரே இடத்தை மூன்று முறை பார்த்து அலைக்கழிக்கிறார் என எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்தபோது மூன்றாவது ஸ்கேனும் முடிந்து, கணவரின் ஸ்ட்ரெச்சர் அறுவை அரங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வழி விலக்கிக்கொண்டு ஓடியவர் அந்த டாக்டரம்மாதான்.

3. கணவர் பிழைத்த பிறகு, டாக்டரம்மா மூன்று படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டினார். முதல் படத்தில் சிறுநீரகம் மட்டும். இரண்டாவதில் அதைச் சுற்றி நூலிழை போல ஒரு கறுப்புக் கோடு. மூன்றாவதில் அது இரண்டு விரல் அகலம். அத்தனையும் ரத்தம் ஐயா! இருபது வருடமாகத் தைக்கிறேன்; ஒரு நூல் பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற கர்வம் எனக்கு உண்டு. தோலுக்கும் சதைக்கும் பின்னால் கசிந்ததை, ஊசிகூடக் குத்தாமல், கொஞ்சம் ஜெல்லும் ஒரு கைக்கருவியும் வைத்து ஒருவர் பார்த்திருக்கிறார். இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

4. என் புகாரைக் காரணம் காட்டி அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே ஸ்கேன் என்று கதவில் அறிவிப்பும் ஒட்டியிருக்கிறீர்கள். மெமோவை ரத்து செய்யுங்கள். விளக்கம் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், தப்பு என்னுடையது.

5. அறிவிப்பை இன்றே கிழிக்க வேண்டும். இதை எழுதும் பெஞ்சில், சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண் விலாவைப் பிடித்தபடி என் பக்கத்தில் இருக்கிறார். ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான்தான் போகவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன். அவரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: ஸ்கேன் அறை வாசல்
நாள்: திங்கள், காலை பதினொன்றரை

தங்கள் பதில் வரும்வரை இங்கேயே இருக்கும்,
(ஒப்பம்)
தையல்காரி