பல்லவிக்குப் பின் வரும் கிடார்

மரியே வாழ்க
8-1-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லீலா மேரி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். எல்லாரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். பதிலை வழக்கம்போல மலர்க்கொடி வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

அண்ணா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் வாசித்த பாட்டு ரேடியோவில் வரும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? வந்தது. பல்லவி முடிந்ததும் கிடார் மட்டும் தனியாக ஏறி, ஓரிடத்தில் நின்று, மெல்ல இறங்கியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிடார் என்றால் உங்களைத் தவிர யாரை எனக்குத் தெரியும்? மறுநாள் வகுப்பில், "அது எங்க அண்ணன் வாசிச்சது" என்று சொன்னேன். வேம்பு, "உங்கப்பா வூட்டை விட்டுத் தொரத்தினாரே, அந்த அண்ணனா?" என்று சிரித்தாள். அந்த ரோஷத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அது அப்பா காதுக்குப் போய்விட்டது. நீங்கள் வாத்தியார் டிரெயினிங்கை விட்டுவிட்டு மெட்ராஸ் போன அன்று, "அவனுக்கு எவளாச்சும் கடுதாசி போட்டா பள்ளிக்கூடத்தை நிறுத்திடுவேன்" என்றவர். தோலை உரிப்பார் என்று நடுங்கினேன். அவரோ ஷிப்ட் முடிந்ததும், சிமெண்ட் தூசியைக்கூடக் கழுவாமல், டீக்கடை பெஞ்சில் அந்தப் பாட்டுக்காகத் தினமும் காத்திருந்தாராம். கடைசியில் கேட்டுவிட்டு வந்து, "பய நல்லாத்தான் வாசிக்கிறான்" என்றார். யாரோ சொல்லி எனக்குத் தெரிந்தது என்று நினைத்தார் போலும், எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

லூர்து மாதா திருவிழாவில் உங்கள் கச்சேரி வைக்கவேண்டும் என்று அப்பாவே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். சாமியார் உங்களுக்கு எழுதுவார். வருவீர்கள்தானே?

உங்கள் பிரியமுள்ள தங்கை,
லீலா மேரி


சென்னை
16-1-1984

அன்புத் தங்கை லீலாவுக்கு,

உன் கடிதமும் சாமியாரின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அப்பா பெஞ்சில் காத்திருந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் லீலா, அந்தக் கிடார் நான் வாசித்தது இல்லை. பாலசுந்தரம் அண்ணன் வாசித்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பாட்டு முழுக்க, வயலின்களுக்கு அடியில், தாளத்தோடு இன்னொரு கிடார் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் என்னுடையது. தேடினாலும் கேட்காது. தனியாகக் கேட்டால் நான் தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்துவிட்டு எழுந்து வருவதுதான் எங்கள் வேலை. இசைத்தட்டில் எங்கள் யார் பெயரும் இருக்காது.

அந்த ஆதங்கத்தில்தான் நானே டியூன் போட்டு ஒரு கேசட் கொண்டுவந்தேன். அட்டையில் என் பெயரும் படமும் இருக்கின்றன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

திருவிழாவுக்கு வருகிறேன். என் டியூன்களை வாசிக்கிறேன். அந்தப் பாட்டை மட்டும் வாசிக்கமாட்டேன். பக்கத்தில் உட்காருகிறவருடைய வாசிப்பை மேடையில் தன்னுடையதாகக் காட்டுகிறவனோடு எங்களில் யாரும் உட்காரமாட்டார்கள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

அண்ணன்,
ஆரோக்கியசெல்வம்


மரியே வாழ்க
27-1-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. அந்தப் பாட்டின் முதல் வரியையே பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே உங்கள் பெயர். சிமெண்ட் பாக்டரி கேட்டிலும் அரியலூர் ரயிலடியிலும் அப்பாவே பசை தடவி ஒட்டிவிட்டு வந்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை இப்போது "கிடார்காரர் அப்பா" என்று கூப்பிடுகிறார்களாம். அதை அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்பார். கடிதங்கள் வெளியே வரும். நான் வீட்டோடு நின்றுவிடுவேன்.

அண்ணா, அதையே வாசித்துவிடுங்கள். இங்கே பாலசுந்தரம் அண்ணனை யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை. அப்பாவுக்காக என்று எழுத நினைத்தேன். பொய். எனக்காகத்தான்.

லீலா


சென்னை
20-2-1984

லீலாவுக்கு,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

முதலில் என் டியூனை வாசித்ததும் கூட்டம் ராட்டினத்துப் பக்கம் எழுந்து போனதைப் பார்த்தாய். "யோவ், அந்தப் பாட்டைப் போடுய்யா!" என்று பையன்கள் கத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் நீ கையைக் கூப்பிக்கொண்டு நின்றாய். வாசித்தேன். அப்பா மேடையேறித் துண்டு போர்த்தினார். நாலு வருஷமாக என்னைத் தொடாத கை. அந்தத் துண்டோடு வீட்டுக்கு வந்து அம்மா போடும் சோற்றைச் சாப்பிட முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னது அதனால்தான்.

மறுநாள் ஸ்டுடியோவில் பாலசுந்தரம் அண்ணன், "ஊர்ல கச்சேரி எப்படிடா?" என்று கேட்டார். "நல்லாயிருந்துச்சுண்ணே" என்றேன். சந்தோஷப்பட்டு டீ வாங்கித் தந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன். இன்றும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் கொஞ்ச காலம் எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த மேடை நினைவுக்கு வருகிறது.

ஆரோக்கியசெல்வம்


மரியே வாழ்க
4-3-1984, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

போன வாரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களை எடுத்து அவர் எதிரில் வைத்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "அப்ப அந்தத் துண்டை நான் யாருக்குப் போத்துனேன்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை பாக்டரி கேட்டில் இருந்த நோட்டீஸை அவரே தண்ணீர் ஊற்றிச் சுரண்டினாராம். என்னைப் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அது தண்டனையைவிடப் பெரிதாக இருந்தது.

இன்று பூசை முடிந்து வரும்போது கேட்டார். "மொதல்ல ஒண்ணு வாசிச்சானே, கூட்டமெல்லாம் எந்திரிச்சுப் போச்சே, அது யாரோடது?"

"அண்ணனோடதுப்பா."

"நான் எந்திரிக்கல" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "கையும் தட்டல. பக்கத்துல ஒருத்தனும் தட்டலயேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். வீடு வரும்வரை தலை நிமிரவில்லை.

பாலசுந்தரம் அண்ணனிடம், தப்பு இந்தத் தங்கையுடையது என்று சொல்லுங்கள். அவர் மன்னிக்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இதைப் பட்டப்பகலில் எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "அந்த மொத டியூனுக்குப் பேரு என்னன்னு கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

பதிலை மலர்க்கொடி வீட்டுக்குப் போடவேண்டாம். நம் வீட்டுக்கே போடுங்கள், அப்பா பெயருக்கு.

உங்கள் தங்கை,
லீலா மேரி