ஆறாவது கோர், ஏழாவது கோர்

ஜூலை 8, செவ்வாய். காலை 10.40. வாய்ஸ் வி.எம். (போன் குரலைக் கடத்தும் விர்ச்சுவல் மெஷின்): நொடிக்கு 41,000 வெளியேற்றம், அத்தனை தடவை வேலை நடுவில் வெளியே தள்ளப்படுகிறது. ஒன்பது மணிக்கு எடுத்தபோது 2,000கூட இல்லை.

வெயில். சர்வர் அறை ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது. அடியில் பெயிண்ட் வாளி.

ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமிலிருந்து பாண்டியம்மாள் அக்கா போன். மூன்றாவது தடவை. "தம்பி, குரலு வெட்டி வெட்டி வருது. வெலாசத்த மூணு வாட்டி கேக்க வேண்டிருக்கு. அங்கிட்டு அழுதுகிட்டே சொல்றாங்க, நான் செவிடுன்னு வையிறாங்க." பார்க்கிறேன் என்றேன். "நேத்தும் இதத்தான சொன்ன?"

அவர்கள் அழைப்பெல்லாம் எங்கள் கம்பெனி சர்வரில் ஓடும் வாய்ஸ் வி.எம். வழியாகத்தான். போன மாதம் ஹேமா அதில் புது வெர்ஷன் போட்டாள். அன்றிலிருந்து வெட்டு. வெள்ளி 11 மணிக்கு மீட்டிங்: வெர்ஷனைப் பழையதற்கு மாற்றுவது, ஹேமாவை வேலையை விட்டு அனுப்புவது. இரண்டும் சேர்த்து. அவள் இன்னும் புரொபேஷன். சாட்சி, திங்கட்கிழமை நான் கொடுத்த கிராஃப்: வி.எம்.மிடமிருந்து பறிபோன நேரம் பூஜ்யம், ஆகவே ஹோஸ்ட், அதாவது அடியிலிருக்கும் சர்வர், சுத்தம்; தப்பு வெர்ஷனில்.

மதியம் ஹேமா: "உன் கிராஃப் ஒண்ணு போதும்ல, கார்த்தி, என்னைய வீட்டுக்கு அனுப்ப."
பூஜ்யம் பூஜ்யம்தானே.

பைக் பின் டயர் பஞ்சர்.

ஜூலை 9, புதன்

காற்று. தூசி. கண் எரிச்சல்.

மேனேஜர் சாருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். ஒரே சர்வருக்குள் பதினோரு வி.எம். ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்று நம்புகிறது. நம்ப வைப்பது ஹைப்பர்வைசர். நெட்வொர்க் கார்டில் ஏதாவது வந்தால் சர்வரின் கணக்குப் போடும் கோர்களில் ஒன்றைத் தட்டும்: வந்திருக்கிறது, பார். அதுதான் இன்டரப்ட். தட்டு வாங்கிய கோரில் எந்த வி.எம். ஓடினாலும் அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் பார்க்க முடியும். நொடிக்கு ஐம்பது தட்டு பரவாயில்லை. நாற்பதாயிரம் என்றால் பேச்சு வெட்டும்.

சரி. தட்டுவது யார், எந்தக் கோரில்?

எந்தக் கோரில் நேரம் எதற்குப் போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஹோஸ்டில் ஓட்டினேன். வாய்ஸ் வி.எம். உட்கார்ந்திருப்பது 4, 5, 6, 7. நாலும் ஐந்தும் அமைதி. அடி முழுக்க ஆறிலும் ஏழிலும். அனுப்புவது, இதே சர்வரில் இருக்கும் ஒரு துணிக்கடையின் கேமரா வி.எம். கடை பத்துக்குத் திறக்கும். வெட்டும் பத்துக்குத்தான் ஆரம்பிக்கிறது. இத்தனை நாள் எல்லோரும், நானும், காலை நேரம் அழைப்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் பறிபோன நேரம் ஏன் பூஜ்யம்? அந்தக் கணக்கைப் போடும் சோர்ஸ் கோடை அரை மணி நேரம் படித்தேன். வி.எம். தன் முறைக்கு வரிசையில் காத்திருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு ஏறும். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் தின்ற நேரம் அதில் வராது. திங்கட்கிழமையே படித்திருக்க வேண்டும். முட்டாள்.

ஏன் ஆறும் ஏழும்? ஆபீஸ் வழக்கம்: கடைசி இரண்டு கோர் ஹோஸ்டுக்கு, எந்த வி.எம்.மையும் அங்கே வைக்கக் கூடாது. பழைய சர்வரில் எட்டு கோர். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், கடைசி இரண்டு 6, 7. புது சர்வரில் பதினாறு. கடைசி இரண்டு 14, 15. அவை சும்மா கிடக்கின்றன. இன்டரப்ட்டுகளை 6, 7க்கு அனுப்பும் பழைய ஸ்க்ரிப்டை அப்படியே காப்பி அடித்து வைத்திருக்கிறார்கள்.

வைத்தது சர்வர் பொறுப்பாளர் முருகேசன் அண்ணன். சர்வர் வந்ததும் ஹேமா வெர்ஷன் போட்டதும் ஒரே வாரம்.

முருகேசன் அண்ணன் எழுமலைக்காரர். எங்கள் தெரு. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

ஜூலை 10, வியாழன்

சாப்பிடவில்லை. டீ மட்டும், நாலு.

அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஆறு, ஏழு வரிசைகளைப் பார்த்தார். என்னை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

"யாருட்டயாச்சும் சொன்னியா மாப்ள?"
"இல்லண்ணே."
"நல்லது. நாளைக்கு வெர்ஷன பழசுக்கு மாத்துவாங்கள்ல, அப்பவே ஸ்க்ரிப்டையும் மாத்தி விட்ருவோம். சரியாப் போயிரும்."
"ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எதுனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாதேண்ணே."
"தெரிஞ்சு என்னடா செய்யப் போறாய்ங்க?" கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் புள்ள பெங்களூருக்குப் போயிரும். வயசிருக்கு. எனக்கு நாப்பத்தி மூணு. ரெண்டு பொட்டப்புள்ளைக. என்னைய எவன் எடுப்பான்?"

டீக்கு நான் காசு கொடுத்தேன்.

திரும்பி வந்தால் ஹேமா படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள், அவர்கள் வீட்டுப் பாஷையில். "பிரைடே" மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்ததும் குரலைக் குறைத்தாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது என்று அவளுக்குத் தெரியும்.

மாலை ஐந்தே முக்கால். பாண்டியம்மாள் அக்கா. பதினைந்து நொடி பேசியிருப்பார், பாதிதான் வந்தது. "தம்பி... வில்லாபுரத்துல ஒரு... மூச்சு... அந்தம்மா... திரும்பத் திரும்ப..." கட். வண்டி போய்விட்டதா? மறுபடி கூப்பிட்டேன். போய்விட்டது, கொஞ்சம் சுற்றித்தான் போனது என்றார். என்னை வையவில்லை. வைதிருக்கலாம்.

துணிக்கடை ஒன்பதரை வரை திறந்திருக்கும். அதுவரை இப்படித்தான் இருக்கும்.

ஓடுகிற சர்வரைத் தொட அண்ணன் ஒப்புதல் வேண்டும். விதி. கேட்காமலே செய்யப் போகிறேன். மணி ஆறு ஐந்து.

1. இப்போதைய நிலையைப் புரொஃபைலரில் பிடித்துச் சேமிப்பது. இரண்டு நிமிடம், அதற்கு மேல் கிடையாது.
2. இன்டரப்ட்டுகளை 14, 15க்கு மாற்றுவது. இன்றே, கடை திறந்திருக்கும்போதே.
3. ஹேமாவின் வெர்ஷனைத் தொடாமல் இருப்பது. மறுபடி புரொஃபைல். அக்காவுக்கு போன் செய்து குரல் எப்படி என்று கேட்பது.
4. சாருக்கு மெயில்: திங்கட்கிழமை கிராஃப் தவறு, காரணம் ஹேமாவின் வெர்ஷன் இல்லை. என் பெயரில்.
5. மெயிலை அனுப்புமுன் முருகேசன் அண்ணனுக்கு போன். எடுக்காவிட்டாலும் அனுப்புவது.