நாப்பத்தொண்ணாம் நம்பர் காராமணி

1931 ஜனவரி 9, வெள்ளி

காலேஜ் பண்ணை லேபுக்குப் போனேன். மண் சாம்பிள் வந்து குவிஞ்சு கிடந்துச்சு. புளிப்பு எவ்வளவுன்னு பாத்தேன், எழுதி வெச்சேன். எப்பவும் கதவத் தள்ளிக்கிட்டு வர்றவங்க இன்னைக்குத் தட்டிட்டு வந்தாங்க.

வீட்டுக்கு வந்தா அடுப்பு மேல மூடி போட்ட சட்டி. சிஸ்டர் ஓராலீ வேலை. எங்க சர்ச்ல முன் வரிசையில உக்காருற பெரியம்மா. என் சம்சாரம் டீலியாவை அடக்கம் பண்ணுன நாள்லேர்ந்து என் வீட்டுச் சாவி அவங்ககிட்டதான். நான் தின்னேனான்னு சட்டியத் திறந்து பாத்துட்டுத்தான் போவாங்க. பாதி நாயிக்குப் போட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

டைரக்டர் க்ரென்ஷா கூப்பிட்டு விட்டார்.

"மேப்ரி, இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். டீலியாவோட அந்த நாப்பத்தொண்ணாம் நம்பர் காராமணி விதை உன் வீட்டுலதான இருக்கு? பிப்ரவரி கூட்டத்துல விவசாயிங்களுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி தர்றதா சொல்லியாச்சு."

"இருக்குங்கய்யா. கொண்டாறேன்"னேன்.

சாயங்காலம் அலமாரியப் பாத்தேன். பன்னிக்கொழுப்பு வாங்குன பெரிய டப்பா, பென்சில்ல 41னு எழுதுனது, அங்க இல்ல. ஜன்னல்கிட்ட கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு. பளபளன்னு.

புத்தாண்டு.

புத்தாண்டு அன்னைக்கு எந்த வீட்டுலயும் பன்னித் தாடையும் காராமணியும் வேகணும். இல்லன்னா வருஷம் பூரா தரித்திரம்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. சாவு விழுந்த வீடுன்னா கண்டிப்பா வேகணும். சிஸ்டர் ஓராலீ சமைச்சாங்க, சர்ச்சே என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுச்சு. வாடல் நோயத் தாங்குற விதைக்காக டீலியா உழைச்ச ஏழு வருஷம் மொத்தமும் அந்தப் பானையில.

எனக்குத் தெரியாது. நான் பாக்கல.

ஜனவரி 14, புதன்

"வண்டு அடிச்சிருச்சுங்கய்யா."

வாய் தானா சொல்லிருச்சு. சிஸ்டர் பேர இழுக்க வேணாம்னுதான் சொன்னேன். அப்படித்தான் அப்போ நெனச்சேன்.

க்ரென்ஷா கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். "சமையக்கட்டுல விதை வெச்சா வேற என்ன ஆகும்? கெட்டிக்காரி. ஆனா ஒரு ஒழுங்கு வேணும்ல? ஏழு வருஷம்ப்பா."

நான் தலையாட்டுனேன்.

ஜனவரி 19

டீலியா ஒரு விதையக்கூட வண்டுக்கு விட்டதில்ல.

ஜனவரி 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகல. வண்டு கதை பண்ணை பூரா பரவிருச்சு. நேத்து மாட்டுக்கொட்டகையில ரெண்டு பேரு, "அந்தம்மாவுக்குப் பட்டம் இருந்துச்சு, மூடி போட்ட டப்பா இல்ல"ன்னு சிரிச்சானுங்க. என்னைப் பாத்ததும் வாளிய உருட்ட ஆரம்பிச்சானுங்க.

நான் சொல்லாட்டி யார் சொல்லுவா. இங்கயாவது எழுதி வைக்கிறேன்.

அவ பொறந்தது அடுத்தவன் நிலத்த வாரத்துக்கு உழுற குடும்பம். வீட்டு வாசப்படி வரைக்கும் பருத்திதான் போடணும்னு நிலத்துக்கார வெள்ளைக்காரன் சொல்லிட்டான். ஒரு கத்திரிக்காய்க்குக்கூட இடம் கிடையாது. அவங்கம்மா பருத்தி வரிசைக்கு நடுவுல ஒளிச்சு ஒளிச்சு காராமணி ஊனுவாங்களாம். அந்த வாடல் நோய் பிடிச்ச மண்ணுல பாதி பூக்குறதுக்கு முன்னாடியே தொங்கிரும். அந்த வருஷம் பட்டினி.

வடக்க போயி விவசாயம் படிச்சா. அந்தக் காலேஜ்ல அந்தப் படிப்புக்குப் போன மொத கருப்புப் பொண்ணு. ஹாஸ்டல்ல சேக்கல. கண்ணாடிக் குடிலுக்குப் பின்னாடி பாய்லர் ரூம்ல படுத்துக்கிட்டா. "செடிக்கெல்லாம் என்னைவிட நல்ல ரூமு"ன்னு சிரிப்பா. பட்டத்தோட இந்த அலபாமாவுக்குத் திரும்பி வந்தப்போ, நம்ம காலேஜே, கருப்பருங்க காலேஜே, அவளுக்குக் குடுத்த வேலை என்ன? சமையல் விளக்க உதவியாளர். ஊர் ஊரா வண்டியில போயி தக்காளி பாட்டில்ல அடைக்கக் கத்துக் குடுக்கணும். போன இடத்துலெல்லாம் நோயில தப்புன ஒத்தச் செடியத் தேடி விதை கேட்டு வாங்கிட்டு வந்தா. அதுகளக் கலந்து எடுத்ததுல நாப்பத்தொண்ணாவதுதான் நோயத் தாங்குச்சு. அதப் பத்திக் காலேஜ் அச்சடிச்ச வெளியீட்டுல பேரு க்ரென்ஷாவோடது.

வேணும்னே கெட்ட மண்ணுல போடுவா. "நல்ல மண்ணுல எது வேணா நிக்கும் தாட். இங்க நிக்குதா பாப்போம்." தாட்னுதான் என்னைக் கூப்பிடுவா. நான் மண்ண சரி பண்ணப் படிச்சவன். அதுக்கே சண்டை. "உனக்கு மண்ணு மேல இரக்கம். எனக்கு அதத் திங்கப் போறவங்க மேல"ம்பா.

விதைய வீட்டுல வெச்சது அவ இஷ்டம் இல்ல. பண்ணை விதை ரூம் ஒழுகுது, எலி வேற. வீட்டுக்குக் கொண்டான்னு சொன்னது நான்.

கடைசி ராத்திரி வயித்த வலிக்குதுன்னா. சோடா உப்பு கரைச்சுக் குடுத்தேன். வாயுவா இருக்கும்னேன். ரெண்டாம் தடவையும் கரைச்சுக் குடுத்தேன். விடிஞ்சப்புறம்தான் வண்டி எடுத்தேன். பக்கத்துல இருக்கிறது வெள்ளைக்காரங்க ஆஸ்பத்திரி, எங்கள எடுக்க மாட்டாங்க, அடுத்தது ரொம்ப தூரம்—

போதும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பாத்தேன்.

புத்தாண்டு அன்னைக்கு அந்த டப்பாவப் பாத்தேன். சிஸ்டர் ஓராலீ அத ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு வந்து, "மகனே, இதப் போடட்டுமா? கூட்டம் ஜாஸ்தியா இருக்கு"ன்னு கேட்டாங்க. 41 என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. "ம்"னேன்.

ஏன்?

அது இருந்தா வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். மே மாசம் வரும், விதைக்கணும், அவ இல்லாம விதைக்கணும். வேணாம், எல்லாம் சேந்து முடிஞ்சு தொலையட்டும்னு இருந்துச்சோ என்னவோ. இல்ல, ஒண்ணுமே நெனைக்கலையோ. தெரியல. ஆனா பாத்தேன். ரெண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி.

பிப்ரவரி 18, புதன்

விவசாயிங்க கூட்டம். கோவேறு கழுதை வண்டிங்க ராத்திரியிலிருந்தே வந்து நின்னுச்சு. பாட்டு, ஜெபம், அப்புறம் க்ரென்ஷா எந்திரிச்சார்.

மொதல்ல கேட்டது ஹோசியா. டீலியா வண்டி கட்டிப் போற ஊருலெல்லாம் முன்னாடி வந்து நிக்கிற ஆளு, புத்தாண்டுச் சாப்பாட்டுக்கும் வந்திருந்தார். "ஐயா, எங்க பக்கம் போன வருஷம் காராமணி மொத்தமும் வாடிப் போச்சு. டீலியாம்மா விதை தர்றேன்னாங்க. பை கொண்டு வந்திருக்கேன்"ன்னு ஒரு மாவுப் பையத் தூக்கிக் காமிச்சார்.

க்ரென்ஷா வருத்தத்தோட சொன்னார். விதை இல்ல. மறைந்த மிஸஸ் மேப்ரி அத வீட்டுல, சரியான பாதுகாப்பு இல்லாம வெச்சிருந்தாங்க. வண்டு அரிச்சிருச்சு. இதுலேர்ந்து நாம எல்லாரும் கத்துக்க வேண்டியது—

"வண்டா?"

பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து. சிஸ்டர் ஓராலீ எந்திரிச்சு நின்னாங்க. தொப்பியில இருந்த இறகு ஆடுச்சு.

"செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டான்னு என்ன வேணா பேசலாமா டைரக்டரே? அந்தப் பொண்ணு வீட்டுல வண்டா? புத்தாண்டு அன்னைக்கு அவ காராமணிய இந்தக் கையாலதான் பொறுக்குனேன். மூணு தண்ணி அலசுனேன். ஒரு விதையில ஒரு ஓட்டை கிடையாது. அந்தப் பெரிய டப்பா நெறைய—"

பாதியில நிறுத்திட்டாங்க.

எனக்குத் தெரியும், அந்த எடத்துல அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. கைய வாய்க்குக் கொண்டு போனாங்க. பக்கத்துல இருந்தவங்க கையப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. க்ரென்ஷா என்னப் பாத்தார்.

எந்திரிச்சேன். "சிஸ்டர் என்னைக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க. என்ன விதைன்னு எனக்குத் தெரியும். போடுங்கன்னு நான்தான் சொன்னேன். வண்டுன்னு சொன்னதும் நான்தான். டீலியா விதைய ஒழுங்காத்தான் வெச்சிருந்தா."

ஹோசியா பைய மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டார். "ஏழு வருஷத்த ஒரு மத்தியானத்துல முழுங்கிட்டோம்"னார். "நான் மூணு தட்டு."



பிப்ரவரி 19

சிஸ்டர் வெச்சிருந்த சாவி கதவுக் கைப்பிடியில தொங்குது. அடுப்பு மேல சட்டி இல்ல.

மார்ச் 8, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு சிஸ்டர் ஓராலீ வீட்டுக்குப் போனேன். உள்ள வான்னு சொல்லல. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுனாங்க.

"நீ துக்கத்துல இருந்த. சரி. வாயத் தொறக்க முடியல. சரி. ஆனா நான் நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு என் கையால அந்தப் பொண்ணோட உசுர வேக வெச்சிருக்கேன். ஜெபம் வேற பண்ணிட்டுப் பரிமாறுனேன். நீ பாத்துக்கிட்டு உக்காந்திருந்த."

"ஆமா சிஸ்டர்."

"பாவம்னு உன்ன விட்டுருவேன்னு நெனச்சு வந்தியா?"

"இல்ல."

அப்புறம் அவங்களே, "இனி ஒண்ணுமே இல்லையா?"ன்னாங்க.

சொன்னேன். நாப்பத்தொண்ணு எந்தக் கலப்புலேர்ந்து வந்துச்சோ, அந்தக் கலப்பு விதை பண்ணையில ஒரு சின்னப் பை கிடக்கு. மறுபடி அந்த நோய் மண்ணுல போடணும். பெரும்பாலும் செத்துரும். தப்புனதுலேர்ந்து விதை எடுத்து, அடுத்த வருஷம் மறுபடி. மூணு நாலு வருஷம் ஆகும். அதே மாதிரி கிடைக்காமலும் போகலாம்.

"அப்போ என் வாசல்ல நின்னு என்ன பண்ற?"

கதவச் சாத்திட்டாங்க.

மார்ச் 30, திங்கள்

வடக்க ஒரு உரக் கம்பெனி லேப்ல எனக்கு வேலை இருக்குன்னு க்ரென்ஷா சொன்னார். நான் போனா அவருக்கு நிம்மதி. அதுக்குப் பதிலா நான் டீலியாவோட கெட்ட மண்ணு வயலக் கேட்டேன்.

"உனக்குச் செடி தெரியாதே மேப்ரி."

"தெரியாதுங்கய்யா."

"லேப் வேலை முடிஞ்சப்புறம்தான். ஆள் தர மாட்டேன்."

"சரிங்கய்யா."

மே 11

விதைச்சேன். ஹோசியா கோவேறு கழுதையோட வந்தார். என் வரிசையப் பாத்துட்டு, "பாம்பு நடந்து போன மாதிரி இருக்கு"ன்னார். நாலு வரிசை அவரே திருப்பி இழுத்தார்.

ஜூலை 16, வியாழன்

சாகுது. கீழ் இலை மஞ்சளாகுது, மறுநாள் தொங்குது. தண்டக் கீறிப் பாத்தா உள்ள பழுப்பு. எந்தச் சத்து போட்டா கொஞ்ச நாள் தாங்கும்னு எனக்குத் தெரியும். கரைச்சு வாளியில எடுத்துட்டு வயல் வரைக்கும் வந்துட்டேன்.

வாளியக் கீழ வெச்சேன். காப்பாத்தக் கூடாது. தானா எது தப்புதுன்னு பாக்குறதுதான் இங்க வேலையே. எப்படி இவ வருஷா வருஷம் இதப் பாத்துக்கிட்டு நின்னா? ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. இருட்டுற வரைக்கும் வரப்புல உக்காந்திருந்தேன்.

கரைச்சத சாக்கடையில ஊத்தினேன்.

ஜூலை 27

காலையில போனா வயல்ல யாரோ குனிஞ்சு செத்த செடியப் பிடுங்கிக்கிட்டு இருக்காங்க. சிஸ்டர் ஓராலீ. எங்கிட்ட பேசல. நான் அடுத்த வரிசையில ஆரம்பிச்சேன். வெயில் ஏறுனதும் போயிட்டாங்க.

ஆகஸ்ட் 22, சனி

தலைநகர்லேர்ந்து மூணு வெள்ளைக்கார அதிகாரிங்க பண்ணையப் பாக்க வந்தாங்க. க்ரென்ஷா வேற வழியில்லாம இந்தப் பக்கமும் கூட்டிட்டு வந்தார். வயல் பாக்க அசிங்கமா இருக்கு. பாதிக்கு மேல வெறும் மண்ணு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பச்சையா நிக்குது. நிக்கிறது காய்ச்சிருக்கு. விதைக்கு எடுக்குறதுக்கு அடையாளமா நாங்க ஒவ்வொண்ணுக்கும் துணி கட்டிக்கிட்டு இருந்தோம். நானும் சிஸ்டரும், ஹோசியா வீட்டம்மாவும். எது நல்லதுன்னு அவங்க ரெண்டு பேருக்கும் காலையிலேர்ந்து சண்டை.

ஒருத்தர் நின்னு பாத்தார். இந்த மண்ணுலயா இது நிக்குதுன்னு கேட்டார். குனிஞ்சு காயைத் தொட்டுப் பாத்தார்.

"இது மேப்ரியோட பரிசோதனை"ன்னார் க்ரென்ஷா.

சிஸ்டர் ஓராலீ நிமிரக்கூட இல்ல. முடிச்சப் போட்டுக்கிட்டே சொன்னாங்க: "டீலியாம்மா வயலுங்க இது. இவன் இங்க கூலி ஆளு."

க்ரென்ஷா வாயத் தொறந்தார். வந்தவர் என்னைப் பாத்தார்.

"ஆமாங்கய்யா"ன்னேன். "ஆர்டீலியா மேப்ரி. எழுதிக்கங்க."

எழுதிக்கிட்டார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவங்க போனப்புறம் சிஸ்டர் ஒரு துணிய எம்மேல தூக்கிப் போட்டு, "அந்த மூலையில ஒண்ணு விட்டுப் போச்சு, போயிக் கட்டு"ன்னாங்க.

போயிக் கட்டுனேன்.